வாட்ஸ்அப் பேக்கப்பை போலீஸ் கேட்டால் கிடைக்குமா? சென்னையில் தொடங்கிய வழக்கு சொல்வது என்ன?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவு செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பார்டர் டிசைன், கலர் மாற்றம், கூலி கணக்கு எல்லாமே வாட்ஸ்அப்பில்தான். போன் தொலைந்தாலும் பரவாயில்லை, கூகுள் டிரைவில் பேக்கப் இருக்கு. போலி பட்டு மோசடி என்று ஒரு வழக்கு வந்து, போலீஸ் அந்த சாட்டைக் கேட்டால்?

சாட்டுக்கு ஒரு பூட்டு, பேக்கப்புக்கு வேறு பூட்டு

நீங்கள் அனுப்பும் மெசேஜ் உங்கள் போனிலேயே பூட்டப்பட்டு, வாங்குபவர் போனில்தான் திறக்கும். நடுவில் இருக்கும் வாட்ஸ்அப்பிடம் சாவி கிடையாது. ஆனால் பேக்கப் அப்படி இல்லை. அதைப் பூட்டும் வசதியே 2021 அக்டோபரில்தான் வந்தது. அதையும் நாமேதான் ஆன் செய்யணும். செய்யாவிட்டால், பேக்கப்பைத் திறக்க கிளவுட் நிறுவனத்தால் முடியும். பலருக்கும் தெரியாத விஷயம் இதுதான்.

போலீஸ் எப்படிக் கேட்கும்?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-வது பிரிவில், மின்னணு ஆதாரங்களை ஒப்படைக்கும்படி நீதிமன்றமோ காவல் நிலைய அதிகாரியோ உத்தரவிடலாம். ஐடி சட்டத்தின் 69-வது பிரிவு இன்னும் கடுமையானது. பூட்டைத் திறந்து கொடுக்கச் சொல்லி அரசு உத்தரவிட்டு, மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை.

ஆனால் சர்வர் அமெரிக்க நிறுவனத்துடையது. கணக்கு யார் பெயரில், எந்த ஐபி முகவரி என்பதை நேரடியாகத் தருவார்கள். மெசேஜின் உள்ளடக்கம் வேண்டுமென்றால், பெரும்பாலும் இரு நாட்டு சட்ட உதவி ஒப்பந்தம் வழியாகத்தான் போகணும். மாதக்கணக்கில் இழுக்கும். அதனால்தான் விசாரணை அதிகாரிகள் முதலில் கேட்பது போனை.

சென்னை வழக்கு

சமூக வலைதளக் கணக்குகளோடு ஆதாரை இணைக்கணும் என்று 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் வந்தன. விசாரணை போகப் போக, 'மெசேஜை முதலில் அனுப்பியது யார்?' என்ற கேள்விக்குத் திரும்பியது. மெசேஜோடு அனுப்பியவரின் அடையாளத்தையும் சேர்த்தே அனுப்பலாம் என்றார் ஐஐடி பேராசிரியர் காமகோடி. வாட்ஸ்அப் ஏற்கவில்லை. 2019 அக்டோபரில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாறியது.

அதே கேள்வி 2021 பிப்ரவரியில் மத்திய அரசின் விதியாகவே வந்தது: 50 லட்சத்துக்கு மேல் பயனாளர்கள் உள்ள மெசேஜிங் நிறுவனங்கள், குறிப்பிட்ட கடும் குற்றங்களில் முதலில் அனுப்பியவரைக் காட்டணும். வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. என்க்ரிப்ஷனை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் சொன்னார். ஒருவரைக் கண்டுபிடிக்க எல்லோருடைய மெசேஜிலும் அடையாளம் பதியணும் என்பது அவர்கள் வாதம். வதந்தியால் உயிர் போகும்போது யாரைப் பிடிப்பது என்பது அரசின் கேள்வி. இரண்டையும் லேசாகத் தள்ள முடியாது.

உங்கள் போனில் எப்படிப் பார்ப்பது?

செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப். அங்கே 'எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்டட் பேக்கப்' ஆஃப் என்று இருந்தால் பூட்டு இல்லை. ஆன் செய்தால் பாஸ்வேர்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மறந்துபோனால் வாட்ஸ்அப்பாலும் திறந்து தர முடியாது. பழைய டிசைன் அத்தனையும் போச்சு.