பருத்திப் பணமும் வாரக் குடிகளும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் மாநிலங்களுள் ஒன்று ஆர்க்கன்ஸா. அங்கே மிசிசிப்பி ஆற்றின் வண்டல் சமவெளியில் பாயின்செட் கவுண்டி அமைந்துள்ளது. கவுண்டி என்பதை ஏறக்குறைய நம் தாலுகாவைப் போன்ற ஓர் ஆட்சிப் பிரிவு எனக் கொள்ளலாம். 1930-களில் அப்பகுதி மக்கள் பருத்தியை நம்பியே வாழ்ந்தனர். நிலம் பண்ணையாருடையது, உழைப்பு வாரக் குடிகளுடையது. விளைச்சலில் பாதியைப் பெறும் அக்குடிகளுள் வெள்ளையரும் இருந்தனர், கறுப்பரும் இருந்தனர். பண்ணைக் கடையில் பட்ட கடன் கழிந்தபின் அவர்கள் கையில் மிஞ்சியது மிகச் சொற்பமே.

1919-இல் ராத்தல் 35 சென்ட் விற்ற பருத்தி, 1932-இல் 6 சென்ட் அளவுக்கு வீழ்ந்தது. விளைச்சல் மிகுதியே வீழ்ச்சிக்குக் காரணம் எனக் கருதிய ரூஸ்வெல்ட் அரசாங்கம், 1933 மே மாதம் விவசாயச் சீரமைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. சாகுபடியைக் குறைப்போருக்கு அரசாங்கம் பணம் அளிக்கும் என்பதே அதன் சாரம். ஆனால் அதற்குள் விதைப்பு முடிந்துவிட்டது! ஆகவே, வளர்ந்து நின்ற பயிரில் ஒரு கோடி ஏக்கருக்கு மேல் உழுது அழித்தனர். செடிகளுக்கு இடையே நடந்து பழகிய கோவேறு கழுதைகள் அவற்றை மிதிக்க மறுத்தன என்றுகூட அந்நாளில் கதை சொன்னார்கள்.

அந்தப் பணம் யார் கைக்குச் சென்றது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி. 1934-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி, தரிசாக விட்ட நிலத்தின் வழக்கமான விளைச்சலைக் கணக்கிட்டு, ராத்தலுக்கு 3½ சென்ட் வாடகை நிலவுடைமையாளருக்கு உரியதாயிற்று. மற்றொரு 1 சென்ட் உதவித்தொகையில் பாதிதான் வாரக் குடிக்கு. குடிகளை இயன்றவரை வெளியேற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தின் 7-ஆம் பிரிவு கூறியது உண்மைதான். 'இயன்றவரை' என்ற அந்த ஒரு சொல், பிரிவின் பயனையே கெடுத்துவிட்டது. முறையீடுகளை விசாரித்த உள்ளூர்க் குழுக்களிலோ பண்ணையார்களே மிகுந்திருந்தனர். நிலம் குறைந்ததும் ஆட்களும் குறைக்கப்பட்டனர்.

பாயின்செட் கவுண்டியின் டைரோன்ஸா என்னும் சிற்றூருக்கு அருகே, ஒரு பண்ணையில் 23 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1934 ஜூலையில் 11 வெள்ளையரும் 7 கறுப்பரும் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடித் தென்னகக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தோற்றுவித்தனர். சலவைக்கடை நடத்திய எச். எல். மிட்செலும், பெட்ரோல் நிலையம் வைத்திருந்த கிளே ஈஸ்டும் அதற்குத் துணை நின்றனர். அதே மாநிலத்து எலேன் என்னும் ஊரில், 1919-இல் சங்கம் சேர்ந்த கறுப்பின உழவர் பலர் கொல்லப்பட்டிருந்தனர். அந்நினைவு மறையாத காலத்தில் இரு நிறத்தாரும் ஒரே சங்கத்தில் அமர்ந்தது சாதாரணத் துணிவன்று. அவர்களுடைய கூட்டங்கள் தாக்கப்பட்டன, ஊழியர்கள் சிறையிலிடப்பட்டனர்.

தலைநகர் வாஷிங்டனிலும் இவ்வழக்கு எதிரொலித்தது. குடிகளை நீக்கக் கூடாது என 7-ஆம் பிரிவுக்குப் பொருள் கூறிய ஜெரோம் பிராங்க் முதலிய சட்ட அதிகாரிகள், 1935 பிப்ரவரியில் பதவியிலிருந்து அகற்றப்பட்டனர். தென்னகப் பண்ணையார்களின் ஆதரவை இழக்க அரசாங்கம் விரும்பவில்லை.

1938-ஆம் ஆண்டின் புதிய சட்டம், பயிரைப் பங்கிடும் விகிதத்திலேயே உதவிப் பணத்தையும் பங்கிட வழி செய்தது. பண்ணையார்கள் பலர் குடிகளை நீக்கிவிட்டுக் கூலியாட்களை வைத்துக்கொண்டனர். சிலர் டிராக்டர் வாங்கினர். தென் மாநிலங்களில் 1930-இல் சுமார் 7,76,000 ஆக இருந்த வாரக் குடிகளின் எண்ணிக்கை, 1940-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5,41,000 ஆகக் குறைந்திருந்தது.