துருவுக்கு இரண்டாண்டுக் கெடு: அரிமான ஆய்விதழ்களும் மேற்கோள் கணக்கும்

மேற்கோள் எண்ணிக்கையை வைத்து ஆய்விதழ்களைத் தரம் பிரிக்கும் முறை அரிமான ஆய்வுக்கு ஏன் பொருந்தவில்லை என்பதற்குக் கொச்சிக் காயலே போதுமான சான்று. மட்டாஞ்சேரிக் கால்வாயின் எதிர்க்கரையான வில்லிங்டன் தீவில் இருக்கிறது, 1957இல் தொடங்கப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம். மீன்பிடிப் படகின் இரும்பும் மரமும் இந்த நீரில் எத்தனை காலம் தாங்கும் என்பது அதன் பழைய ஆய்வுப் பொருள்களுள் ஒன்று. இத்தகைய சோதனையில் உலோகத் தகடுகளை மெருகேற்றி, எடைபோட்டு, சட்டத்தில் கட்டி நீருக்குள் இறக்குவார்கள். மாதங்கள் கழித்து எடுத்து, ஒட்டிய கொட்டலசுகளைச் சுரண்டி, துருவை மட்டும் அமிலக் கரைசலில் நீக்கி, மறுபடி எடைபோடுவார்கள். குறைந்த எடையிலிருந்து ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் அரிபடுகிறது என்று தெரிந்துவிடும்.

இங்கே ஓராண்டுக்குக் குறைந்த சோதனை பயன்படாது. தென்மேற்குப் பருவமழையில் ஆற்று வெள்ளம் இறங்கிக் காயல் ஏறக்குறைய நன்னீராகும். கோடையிலோ உப்பு கடல்நீரை நெருங்கும். ஒரு பருவத்தில் அளந்த எண் மறு பருவத்துக்கு உதவாது. இவ்வகை முடிவுகள் பலவும், கொச்சியிலிருந்தே 1964 முதல் வெளிவரும் ‘ஃபிஷரி டெக்னாலஜி’ இதழில் வந்தன.

உலக அளவில் இத்துறைக்கெனத் தனி இதழ்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன: அமெரிக்காவின் ‘கரோஷன்’ 1945இல், தேய்மானத்துக்கான ‘வேர்’ 1957இல், ‘கரோஷன் சயின்ஸ்’ 1961இல். மேற்கோள் அட்டவணை என்ற யோசனையை யூஜின் கார்ஃபீல்டு 1955இல் முன்வைத்தார். அட்டவணைக்கு எந்த இதழ்களைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கப் பிறந்ததுதான் தாக்கக் காரணி. ஓர் இதழ் முந்தைய இரண்டாண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை, அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். உயிர்வேதியியல் போல விரைந்து நகரும் துறைகளுக்கு அந்த இரண்டாண்டு ஏற்றது. ஆனால், காயலில் 2020இல் இறக்கிய தகட்டின் முடிவு 2022இல் அச்சாகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் படித்தவர் தன் துறைமுகத்தில் ஓராண்டு சோதித்து எழுதி, அச்சேறும்போது 2025 ஆகிவிடும். அந்த மேற்கோள் கணக்கில் வராது.

மேற்கோள் கணக்கைப் பற்றி இன்னொரு கேள்வியைத் தமிழ்நாட்டிலிருந்தே ஒருவர் எழுப்பினார். அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் தந்து உருவான காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மண்டபத்தில் கடலோர அரிமான நிலையம் நடத்துவது. அங்கே பணியாற்றிய சுப்பையா அருணாசலம், மேற்கோள் அளவைகள் விளிம்புநிலை நாடுகளின் அறிவியலை அளக்கப் போதுமா என்று 1989இல் ‘சயண்டோமெட்ரிக்ஸ்’ இதழில் சக ஆய்வாளருடன் கேட்டார்.

கேள்விக்கு நிர்வாகம் செவிசாய்க்கவில்லை. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஆசிரியர் பதவி உயர்வுக்கான மதிப்பெண்ணில் தாக்கக் காரணியைச் சேர்த்தது: 1 முதல் 2 வரை என்றால் கூடுதலாக 10, 5 முதல் 10 வரை என்றால் 25. இதழ்களைத் தேர்ந்தெடுக்கும் கருவி சம்பளக் கருவியாயிற்று. ஆய்வாளரின் தரத்துக்கு இதழின் எண்ணை அளவாகக் கொள்ளாதீர்கள் என்று 2012இல் சான்பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம் கேட்டுக்கொண்டபோது, நம் துறைகளில் பழக்கம் ஊறிவிட்டிருந்தது.

ஐந்தாண்டுத் தாக்கக் காரணியும் உண்டு, அது ஓரளவு நியாயம். அதைவிடப் பயனுள்ளது மேற்கோள் அரைவாழ்வு: ஓர் இதழின் பழைய கட்டுரைகள் எவ்வளவு காலம் எடுத்தாளப்படுகின்றன என்பதைக் காட்டும் இந்த எண்ணும் தாக்கக் காரணி வெளியாகும் அதே அறிக்கையிலேயே வருகிறது. தேர்வுக் குழுவில் அமர்பவர்கள் அதையும் பாருங்கள். கூடவே, தகடு எத்தனை மாதம் நீரில் கிடந்தது என்று கட்டுரையாளரைக் கேளுங்கள்.