துளசிதாஸ் பலராம்: கண்டோன்மென்ட் வளர்த்த முன்கள வீரர்

தென்னிந்தியக் கால்பந்தின் வரலாற்றை மாநில எல்லைகளைக் கொண்டு எழுதுவதைவிட, கண்டோன்மென்ட் எனப்பட்ட பிரிட்டிஷ் படைக்குடியிருப்புகளைத் தொடர்ந்து எழுதுவதே பொருத்தமாகும். படைப்பணியையும் அதைச் சார்ந்த தொழில்களையும் நாடிச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் அக்குடியிருப்புகளைச் சுற்றி வேரூன்றின. படைவீரர்களின் ஆட்டம் அவர்தம் பிள்ளைகளின் ஆட்டமாயிற்று. இந்தியாவின் கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ் ஹைதராபாத்தில் முன்கள வீரராகத் தொடங்கி, நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் படைப்பிரிவு மையத்தில் பணியாற்றியபோது கோல்காப்பாளராக மாறியவர். 1936இல் செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராமும் இம்மரபினரே.

ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியையும் இந்திய அணியையும் பயிற்றுவித்த சையத் அப்துல் ரஹீம், வறுமையில் இருந்த அவ்விளைஞருக்கு வாடகை மிதிவண்டிக்கான பணத்தைத் தாமே கொடுத்துப் பயிற்சிக்கு வரச்செய்தார். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம்பெற்ற அணியில் பலராம் இருந்தார்.

ஐவரை முன்வரிசையில் நிறுத்திய அக்கால ஆட்டமுறையில், நடு முன்கள வீரருக்கும் இடது ஓரத்தவருக்கும் இடையே ஆடி, பந்தைக் கொண்டுசேர்ப்பதும் கோல் அடிப்பதுமாகிய இரு பொறுப்புகளை ஏற்பவர் ‘இன்சைடு லெஃப்ட்’ எனப்பட்டார்; பலராமின் இடம் அதுவே. சக வீரர் சுனி கோஸ்வாமியும் அதே இடத்துக்குரியவராதலால் இந்திய அணிக்காகப் பலமுறை இடது ஓரத்தில் ஆட நேர்ந்தபோதும், பலராமின் ஆட்டத்தில் குறை தோன்றவில்லை; பி.கே. பானர்ஜியோடு இவ்விருவரையும் சேர்த்தே இந்தியாவின் தலைசிறந்த முன்வரிசையாகக் கொள்ள வேண்டும். 1960 ரோம் ஒலிம்பிக்கில், பின்னர் வெண்கலம் வென்ற ஹங்கேரியிடம் இந்தியா 1-2 என்று மட்டுமே தோற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் பலராம். பிரான்சுடன் 1-1 எனச் சமன்செய்த அணி, பெருவிடம் 1-3 எனத் தோற்று வெளியேறியது. அதற்குப் பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியதில்லை.

1957 முதல் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்கு ஆடிய அவர், 1961இல் அதன் அணித்தலைவராகக் கல்கத்தா லீக் பட்டத்தை வென்றதோடு 23 கோல்களும் அடித்தார். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையை முதலில் ஹைதராபாத்துக்காகவும் பின்னர் வங்காளத்துக்காகவும் வென்ற இவரை, மதராஸ் அணியில் ஆடவில்லை என்பதற்காகத் தமிழரின் விளையாட்டு வரலாற்றிலிருந்து விட்டுவிடுவது பெரும் இழப்பு.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதியில் தென்கொரியாவை 2-1 என வென்று தங்கம் பெற்ற அணியிலும் பலராம் இருந்தார். அவ்வாண்டுக்கான அர்ஜுனா விருதும் அவருக்குக் கிடைத்தது. மறு ஆண்டில் வங்காள நாக்பூர் ரயில்வே அணிக்குச் சென்ற சிறிது காலத்திலேயே, நுரையீரல் நோய் முப்பது வயதுக்கு முன்பே அவரது ஆட்டத்தை முடித்துவைத்தது. அதன்பின் அறுபது ஆண்டுகள் வாழ்ந்து, 2023 பிப்ரவரி 16 அன்று கொல்கத்தாவில் காலமானார்.