கிசல்லோ மலையும் கோயிலில் தொங்கும் சைக்கிள்களும்

ஆணி புடுங்குறதுக்காக மூணு மாசம் மிலானுக்கு அனுப்பியிருந்தாங்க. ஆன்சைட்னு சொன்ன உடனே ரோம் பாரு, வெனிஸ் பாருன்னு ஆளாளுக்கு லிஸ்ட் கொடுத்தாங்க. நமக்கு சைக்கிள் பைத்தியம் கொஞ்சம் ஜாஸ்தி. அதனால ரெண்டாவது சனிக்கிழமையே ஒரு வாடகை சைக்கிளோட ரயில் ஏறி, வரென்னாவில் இறங்கி, படகில் ஏரியைக் கடந்து பெல்லாஜியோ போயிட்டேன். அங்கிருந்து கிசல்லோ மலை ஏறணும். இது பயணக்கட்டுரை இல்லை மக்களே, பயப்படாதீங்க. அந்த மலை உச்சியில் இருக்கிற ஒரு குட்டிக் கோயிலோட கதையைத்தான் சொல்ல வந்தேன்.

முதல்ல இடம் புரியணும். உண்டிவில் கவட்டையைத் தலைகீழாப் பிடிச்சா எப்படி இருக்கும்? கோமோ ஏரி அப்படித்தான் இருக்கும். ஒரு கிளையின் நுனியில் கோமோ ஊர், இன்னொரு நுனியில் லெக்கோ, ரெண்டும் சேர்ற இடத்தில் பெல்லாஜியோ. பனியுகத்துப் பனியாறுகள் குடைஞ்ச ஏரி, 400 மீட்டருக்கு மேல ஆழம். ரெண்டு கிளைக்கும் நடுவில் இருக்கிற முக்கோணம் முழுக்க மலையும் காடும். கீழே செஸ்ட்நட் மரங்கள், மேலே போகப் போக பீச் மரங்கள். மலைக்குத் தெற்கே செக்ரீனோ, புசியானோன்னு சின்னச் சின்ன ஏரிகள். மிலான் பக்கமாப் போற லம்ப்ரோ ஆறு பிறக்கிறதும் இந்த மலையில்தான்.

1905ல் மிலான் நகரத்துப் பத்திரிகை 'லா கஸெட்டா டெல்லோ ஸ்போர்ட்' ஒரு சைக்கிள் பந்தயம் தொடங்கியது. பந்தயம் நடத்தினா பேப்பர் விக்கும், அவ்வளவுதான் தத்துவம். பின்னாடி ஜிரோ டி லொம்பார்தியான்னு பேர் வாங்கினது இதுதான். முதல் வருஷம் ஜெயிச்சவர் ஜொவான்னி ஜெர்பி. சீசனோட கடைசியில் இலையுதிர் காலத்தில் நடக்கிறதால 'உதிரும் இலைகளின் பந்தயம்'னு இதுக்குச் செல்லப்பேர் உண்டு. கேட்க அழகாத்தான் இருக்கு. ஈரமான இலை மேல டயர் ஏறினா என்ன ஆகும்னு சைக்கிள் ஓட்டுறவங்களுக்குத் தெரியும்.

பந்தயத்தில் கிசல்லோ சேர்ந்தது 1919ல். (அதுக்கு முன்னாடியே, 1917லும் 1918லும், போர்க்காலத்தில் ஆண்கள் நடுவே அல்ஃபோன்சினா ஸ்ட்ராடான்னு ஒரு பெண் இந்தப் பந்தயத்தை ஓட்டி முடிச்சிருக்காங்க. அவங்களுக்குத் தனிப்பதிவே போடலாம்.) பெல்லாஜியோவில் இருந்து உச்சிக்கு சுமார் எட்டரை கிலோமீட்டர். கோயில் இருக்கும் உயரம் 754 மீட்டர், ஏரியிலிருந்து கணக்குப் போட்டா 550 மீட்டருக்குக் கிட்ட ஏத்தம். எண்ணைப் பார்த்தா "ப்பூ, இவ்வளவுதானா"ன்னு தோணும். நானும் அப்படித்தான் நெனச்சேன். முதல் நாலு கிலோமீட்டர் நாக்கைத் தள்ள வச்சிரும். நடுவில் கொஞ்ச தூரம் சமதளமா வந்து "முடிஞ்சுது போல"ன்னு ஆசை காட்டும். கடைசி ஒன்றரை கிலோமீட்டர் மறுபடி செங்குத்து. 1919ல் அதுவும் மண் ரோடு. இப்ப மாதிரி கியர் கிடையாது. கியர் மாத்தணும்னா இறங்கி, பின்சக்கரத்தைக் கழட்டித் திருப்பி மாட்டணும். எனக்கு இருபத்திரண்டு கியர் இருந்தும் ரெண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். வெளியே சொல்லிராதீங்க.

வெயில் கொளுத்தினதால ஹெல்மெட்டைக் கழட்டி ஹேண்டில்பாரில் மாட்டிக்கிட்டுத்தான் ஏறினேன். இதை ஞாபகம் வச்சுக்குங்க.

உச்சியில் இருக்கிற கோயில் மாதா கோயில். கிசல்லோன்னு ஒரு பிரபுவைக் கொள்ளைக்காரங்க துரத்த, வழியில் இருந்த மாதா படத்தின் முன் அடைக்கலம் புகுந்து உயிர் தப்பினார்னு கதை. அதனால வழிப்போக்கர்களுக்குக் காவல். நம்ம ஊரில் மலை ஏறுறதுக்கு முன்னாடி லாரிக்காரங்க வண்டியை ஓரங்கட்டி எலுமிச்சம்பழம் வச்சுட்டுப் போற கோயில் மாதிரின்னு வச்சுக்கலாம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இந்தக் கோயிலின் பாதிரியார் எர்மெலிந்தோ விகனோவுக்கு ஒரு யோசனை. தினமும் வாசலில் மூச்சிரைக்க வந்து நிக்கிறது சைக்கிள்காரங்கதானே, மாதாவை அவங்களுக்குக் காவல் தெய்வமா அறிவிச்சா என்ன? 1948 அக்டோபரில் போப் பன்னிரண்டாம் பயஸ் ரோமில் ஒரு விளக்கை ஆசீர்வதித்துக் கொடுத்தார். அதை சைக்கிள்காரர்கள் கை மாத்திக் கை மாத்தி கிசல்லோ வரை கொண்டு வந்தாங்க. அடுத்த வருஷம், 1949 அக்டோபர் 13ல், கிசல்லோ மாதா சைக்கிள்காரர்களின் காவல் தெய்வம்னு முறைப்படி அறிவிப்பு வந்தது.

விளக்கைச் சுமந்தவங்களில் ரெண்டு பேர் ஜீனோ பர்தாலி, ஃபவுஸ்தோ கோப்பி. இங்கதான் எனக்குக் கதை சுவாரசியமாகுது.

அப்போ இத்தாலியே பர்தாலி கட்சி, கோப்பி கட்சின்னு பிரிஞ்சு கிடந்த காலம். எம்ஜிஆர்–சிவாஜி சண்டையை விடக் கொஞ்சம் மேல. பர்தாலி பெரிய பக்திமான். கோப்பிக்கு அதிலெல்லாம் ஈடுபாடு கம்மி. 1948 ஆகஸ்டில் நெதர்லாந்தின் வால்கன்பர்க் நகரில் உலக சாம்பியன்ஷிப். ரெண்டு பேரும் ஒரே இத்தாலி அணி. ஆனா எதிராளி ஜெயிச்சிடக் கூடாதுன்னு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டே ஓட்டி, கடைசியில் ரெண்டு பேருமே பாதியில் இறங்கிட்டாங்க. கடுப்பான இத்தாலிய சைக்கிள் சங்கம் ரெண்டு பேரையும் சஸ்பெண்ட் பண்ணியது. அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் இந்த விளக்கு ஊர்வலம்!

போப் சொன்னா யார் மறுப்பாங்கன்னு கேக்கலாம். எனக்கு வேற ஒண்ணும் தோணுது. பர்தாலிக்கு ஜூலியோன்னு ஒரு தம்பி. அவனும் சைக்கிள் பந்தயக்காரன். 1936 ஜூனில், அண்ணன் ஜிரோ தி இத்தாலியா ஜெயிச்ச அடுத்த வாரமே, ஒரு பந்தயத்தில் கார் மோதி இறந்து போனான். பர்தாலி சைக்கிளையே விட்டுடலாம்னு இருந்தார். அப்புறம் மனசைத் தேத்திக்கிட்டு அதே வருஷக் கடைசியில் லொம்பார்தியா ஜெயிச்சார். கோப்பிக்கும் செர்ஸேன்னு ஒரு தம்பி, அவரும் நல்ல பந்தயக்காரர். 1949ல் பாரிஸ்–ரூபே பட்டத்தைப் பங்கு போட்டவர். 1951 ஜூன் 29ல் தூரின் நகரத்தில் ட்ராம் தண்டவாளத்தில் சக்கரம் மாட்டி விழுந்தார். தலையில் அடி. எழுந்து, ஓட்டி முடிச்சு, ஹோட்டலுக்கும் போயிட்டார். அன்னைக்கே மூளையில் ரத்தம் கசிஞ்சு போயிட்டார்.

விளக்கைப் பிடிச்சப்ப ஒருத்தர் தம்பியை இழந்தவர். இன்னொருத்தர் இன்னும் மூணு வருஷத்தில் இழக்கப் போறவர்.

கோயில் ரொம்பச் சின்னது. நம்ம வீட்டு ஹால் ரெண்டைச் சேர்த்தா வந்துரும். சுவரில் வண்ண வண்ண ஜெர்சிகள், மேலே வரிசையா சைக்கிள்கள். கோப்பி, பர்தாலி, மெர்க்ஸ், மோசர்னு நாம படிச்ச பேரெல்லாம் உத்தரத்துக்குப் பக்கத்தில் தொங்குது. நேர்த்திக்கடன் மாதிரி. வெளியே ஒரு வெண்கலச் சிலை. ரெண்டு சைக்கிள்காரர்கள், ஒருத்தர் கையைத் தூக்கி ஜெயிக்கிறார், இன்னொருத்தர் விழுந்து கிடக்கிறார்.

இதுக்கெல்லாம் நடுவில் முன்பக்கம் நசுங்கின ஒரு சைக்கிள். ஃபாபியோ கசார்தெல்லியோடது. கோமோவில் பிறந்த பையன், பக்கத்து ஊர்க்காரர், இந்த மலையில் ஏறிப் பழகினவர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸ் ரோடு பந்தயத்தில் தங்கம். 1995 ஜூலை 18, டூர் தெ ஃபிரான்ஸ், பிரெனே மலையில் போர்த்தே தாஸ்பே இறக்கம். பல பேர் ஒண்ணா விழுந்ததில் அவர் தலை சாலையோர கான்கிரீட் கட்டையில் மோதியது. தலையில் ஹெல்மெட் இல்லை. வயசு 24. வீட்டில் சில மாசக் கைக்குழந்தை. மறுநாள் யாரும் பந்தயம் ஓட்டலை. எல்லாரும் மெதுவா ஓட்டிவந்து, கடைசியில் அவர் அணிக்காரங்களை முன்னாடி விட்டாங்க.

ஹெல்மெட் விஷயத்தில் கடுப்பாகுற இடம் இதுதான். 1991லேயே சர்வதேச சைக்கிள் சங்கம் ஹெல்மெட் கட்டாயம்னு சொல்லுச்சு. பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் வீரர்களே மறியல் பண்ணினாங்க. வெக்கையா இருக்கு, அது எங்க இஷ்டம்னு. சங்கமும் பின்வாங்கிடுச்சு. நாலு வருஷத்தில் கசார்தெல்லி. ஹெல்மெட் இருந்திருந்தா பிழைச்சிருப்பாரான்னு அப்ப டாக்டர்களே ரெண்டு விதமாப் பேசினாங்க, அது வேற விஷயம். ஆனா அதுக்கப்புறமும் விதி வரலை. 2003 மார்ச்சில், அதே பாரிஸ்–நீஸில், கசகஸ்தானின் அந்த்ரெய் கிவிலெவ் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து இறந்த பிறகுதான் மே மாசம் கட்டாயமாச்சு. அப்பவும் கடைசி மலை ஏத்தத்தில் கழட்டிக்கலாம்னு ஒரு சலுகை! பன்னிரண்டு வருஷம், ரெண்டு உயிர். நம்ம ஊரில் பெட்ரோல் டேங்க் மேல ஹெல்மெட்டை வச்சுக்கிட்டுப் போற ஆளைப் பார்த்துச் சிரிப்போம். உலகச் சாம்பியன்களும் அதே ஆளுங்கதான்.

கோயிலுக்குப் பக்கத்திலேயே சைக்கிள் மியூசியமும் இருக்கு, 2006ல் திறந்தது. அதுக்காக முன்னாடி நின்னவர் ஃபியொரென்சோ மாக்னி. 1956 ஜிரோவில் தோள் எலும்பு முறிஞ்சு, கையால இழுக்க முடியாம, ஹேண்டில்பாரில் ட்யூபைக் கட்டிப் பல்லால் கடிச்சு இழுத்து மலை ஏறி, ரெண்டாவது இடமும் பிடிச்ச மனுஷர். நமக்கு லேசா ஜுரம் அடிச்சாலே டேமேஜருக்கு லீவ் மெயில் போயிரும்.

பந்தயம் இன்னும் நடக்குது. 1946 முதல் தொடர்ந்து நாலு தடவையும் 1954ல் ஒரு தடவையுமா கோப்பி ஐந்து முறை ஜெயிச்ச சாதனையை, ஸ்லோவேனியாவின் போகச்சார் 2021லிருந்து 2025 வரை விடாம ஐந்து முறை ஜெயிச்சு சமன் பண்ணிட்டார். விழுறதும் நிக்கலை. 2020 ஆகஸ்டில் பக்கத்து சொர்மானோ மலை இறக்கத்தில் ரெம்கோ எவனபூல் பாலத்துச் சுவரில் மோதிப் பள்ளத்துக்குள் போனார். இடுப்பு எலும்பு முறிஞ்சது. தலை தப்பிச்சது. ஹெல்மெட் போட்டிருந்தார்.

வெளியே வந்து ஹேண்டில்பாரில் தொங்கிட்டிருந்ததை எடுத்து மாட்டினேன். பக்கத்தில் நின்ன ஒரு இத்தாலியத் தாத்தா, எழுபது வயசு இருக்கும், என் தாடைக்குக் கீழே கையைக் காட்டி என்னவோ சொன்னார். வார் முறுக்கிக்கிட்டு இருந்திருக்கு. அவரே நேராக்கி மாட்டிவிட்டு, தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அப்புறம் அஸ்ஸோ பக்கம் இறக்கம். ரெண்டு பிரேக்கையும் பிடிச்சபடியே உருண்டேன். மூணாவது வளைவில் தாத்தா "ச்சாவ்"னு கத்திக்கிட்டே என்னைத் தாண்டிப் போனார்.