மாநிலக் கல்லூரியில் மருந்து வேதியியல்: டி.ஆர்.கோவிந்தாச்சாரியும் மாணவர்களும்

மருந்தாகும் பொருளின் மூலக்கூறு எப்படி அமைந்திருக்கிறது, அதன் எந்தப் பகுதி உடலில் வேலை செய்கிறது, அந்தப் பகுதியை மாற்றினால் பலன் கூடுமா குறையுமா என்று ஆராயும் துறை மருந்து வேதியியல். இன்று பி.பார்ம் மாணவர்கள் நான்காம், ஐந்தாம், ஆறாம் பருவங்களில் இதைத் தனிப்பாடமாகவே படிக்கிறார்கள். இந்தியாவில் அந்தப் பட்டப்படிப்பைத் தொடங்கி வைத்தவர் மகாதேவ லால் ஷ்ராஃப். இடம் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம், ஆண்டு 1937. சென்னையில் இத்துறைக்கு இன்னொரு நாற்றங்காலும் இருந்தது. அது மெரினா கடற்கரையை ஒட்டிய மாநிலக் கல்லூரியின் வேதியியல் துறை. அங்கே மாணவர்கள் சேர்ந்தது வேதியியல் ஆய்வுப் பட்டத்துக்குத்தான். ஆனால் அவர்கள் மேசைமேல் இருந்தவை நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் செடிகள்.

அத்துறையில் பேராசிரியர் பி.பி.டே கூமரின் என்னும் சேர்ம வகையைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தவர். அவரிடம் முனைவர் பட்டம் பெற்றவர் டி.ஆர்.கோவிந்தாச்சாரி (1915–2001). 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகம் சென்று, ரோஜர் ஆடம்ஸிடம் தாவர ஆல்கலாய்டுகள் பற்றிய ஆய்வில் பயிற்சி பெற்றார். பிறகு சென்னைக்கே திரும்பி, தாம் படித்த கல்லூரியில் ஆய்வுக் குழு ஒன்றை உருவாக்கினார்.

கரிசலாங்கண்ணி ஆய்வு

அக்குழுவின் வேலைகளில் தமிழ் வாசகர்களுக்கு மிக நெருக்கமானது கரிசலாங்கண்ணி ஆய்வு. காமாலைக்கும் கூந்தல் தைலத்துக்கும் நம் வீடுகளில் காலங்காலமாகப் பயன்படும் கீரை அது. வெள்ளைப் பூ பூப்பது ஒன்று, மஞ்சள் பூ பூப்பது ஒன்று. தாவரவியலில் இரண்டும் வெவ்வேறு பேரினங்கள். சித்த மருத்துவம் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறது. கோவிந்தாச்சாரி, கே.நாகராஜன், பி.ஆர்.பை ஆகியோர் மஞ்சள் கரிசலாங்கண்ணியில் இருந்து பிரித்த வெடலோலாக்டோன் என்ற பொருளின் அமைப்பை 1956இல் வெளியிட்டனர். அதே பொருள் வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் இருப்பதை அதே ஆண்டில் காட்டினர். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்த முன்னோர் கண்ணுக்கு, இந்த ஒரு விஷயத்திலாவது வேதியியல் சான்று கொடுத்தது.

16 கரிம அணுக்கள், 10 ஹைட்ரஜன் அணுக்கள், 7 ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட மூலக்கூறு அது. அவை எந்த வரிசையில் கோத்திருக்கின்றன என்று அறிவது இன்று கருவியின் துணையால் விரைவில் முடியும் வேலை. அணுக்காந்த ஒத்ததிர்வுக் கருவி அந்நாளில் நம் கல்லூரிகளுக்கு எட்டாதது. எனவே வேலை கையால் நடந்தது. உலர்த்திய செடியைக் கரைப்பானில் ஊறவைத்துச் சாறு எடுக்க வேண்டும். அதைத் திரும்பத் திரும்பப் படிகமாக்கித் தூய்மைப்படுத்தி, உருகுநிலை பார்க்க வேண்டும். பின் மூலக்கூறை வேண்டுமென்றே உடைத்து, கிடைக்கும் துண்டுகள் ஏற்கெனவே தெரிந்த பொருள்களா என்று ஒப்பிட வேண்டும். உடைந்த பானையின் ஓடுகளை வைத்துப் பானையின் வடிவத்தைச் சொல்வது போன்ற வேலை. ஆய்வு மாணவர் ஒருவர் மருந்து வேதியியலைக் கற்க இதைவிட நல்ல பள்ளி கிடைப்பது அரிது. வெடலோலாக்டோனுக்குள்ளும் ஒரு கூமரின் வளையம் இருந்தது. டேயின் பழைய பாடம் மாணவரின் மாணவருக்கும் உதவியது.

ஆஸ்துமாவுக்குப் பயன்பட்ட நஞ்சறுப்பான் கொடியின் ஆல்கலாய்டான டைலோஃபோரினின் அமைப்பையும் இக்குழு தீர்மானித்தது. வேதியியலுக்கான பட்நாகர் விருது 1960இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அது கோவிந்தாச்சாரிக்குக் கிடைத்தது.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. பொருளின் அமைப்பைக் கண்டுபிடிப்பது பாதி வழிதான். அது உடலில் என்ன செய்கிறது என்று பார்க்க விலங்கு ஆய்வகமும், மருந்தியல் வல்லுநர்களும், பிறகு நோயாளிகளிடம் சோதிக்க மருத்துவர்களும் ஒரே கூரையின் கீழ் வேண்டும். ஒரு வேதியியல் துறை தனியாக அதைச் செய்ய முடியாது. வெடலோலாக்டோன் அழற்சியோடு தொடர்புடைய 5-லிபாக்சிஜனேஸ் நொதியை வலுவாகத் தடுக்கிறது என்பதை 1986இல் காட்டியவர்கள் ஜெர்மானியர். சென்னையில் அமைப்பு தெரிந்து முப்பது ஆண்டுகள் கழித்து!

பம்பாய்க்குப் பெயர்ந்த ஆய்வு

அந்த மறுபாதிக்கான வாய்ப்பு பம்பாயில் வந்தது. சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் கோரேகாவில் அமைத்த ஆய்வு மையத்தை 1963இல் பிரதமர் நேரு திறந்து வைத்தார். அதன் இயக்குநரானவர் கோவிந்தாச்சாரி. நாகராஜனும் அங்கு சென்றார். மனச்சோர்வுக்கான நைட்ராக்ஸசெபின், அமீபா நோய்க்கான சாட்ரனிடசோல் ஆகிய மருந்துகள் அந்த மையத்தில் உருவாகி இந்தியச் சந்தைக்கு வந்தன. முதலாவதன் விற்பனைப் பெயர் 'சின்டமில்'. தமிழ்க் காதுக்கு அது செந்தமிழ் போலவே ஒலிக்கும். கல்லூரியில் தங்கிய பி.ஆர்.பை அங்கேயே ஆல்கலாய்டு ஆய்வைத் தொடர்ந்தார்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மாப்பியா ஃபீடிடா என்ற மரத்தில் காம்ப்டோதெசின் ஏராளமாக இருப்பதை 1972இல் கோவிந்தாச்சாரியும் என்.விஸ்வநாதனும் அறிவித்தனர். சீன மரம் ஒன்றில் இருந்து அமெரிக்காவில் 1966இல் கண்டறியப்பட்ட புற்றுநோய் எதிர்ப்புப் பொருள் அது. அதன் வழிவந்த டோபோடெகான், இரினோடெகான் இரண்டும் 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. மூலப்பொருளுக்காக நம் மலை மரங்கள் பெருமளவில் வெட்டப்பட்டன. மருந்துக்கான உரிமை வெளிநாட்டு நிறுவனங்களிடம் இருந்தது.

முதுமையில் சென்னை திரும்பிய கோவிந்தாச்சாரி, ஸ்பிக் அறிவியல் நிறுவனத்தில் வேம்பை எடுத்துக்கொண்டார். வேப்பங்கொட்டையின் பூச்சி விரட்டும் சேர்மங்களான அசாடிராக்டின்களில் புதிய வகைகளை அவரது குழு 1990களில் பிரித்தெடுத்தது. அப்போது அவருக்கு எழுபத்தைந்து வயதைத் தாண்டியிருந்தது.