பெயர் அறியாப் பகை

அழகுக்கென மீன்தொட்டியில் மிதக்கவிட்ட செடி ஏரியையே விழுங்கும் என்பதற்குச் சல்வீனியா சான்று. தென்கிழக்குப் பிரேசிலுக்குரிய இம்மிதக்கும் பெரணி, தொட்டிகளுக்கும் தாவரவியல் தோட்டங்களுக்குமாகக் கடல் கடந்தது. 1939இல் கல்விப் பயன் கருதிக் கொழும்புக்குக் கொணரப்பட்டு, வயல்களிலும் குளங்களிலும் பரவிற்று. இதன் வித்துகள் மலடு. எனினும் ஒடிந்த துண்டு ஒவ்வொன்றும் தனிச்செடியாகும். நீர்ப்பரப்பை மூடி ஒளியையும் உயிர்வளியையும் தடுக்கும்.

அறிஞர்கள் நெடுங்காலம் இதனை 'ஆரிகுலேட்டா' என்னும் வேறோர் இனமாகவே கருதினர். அவ்வினத்தை உண்ணும் பூச்சிகளைத் தேடிக் கொணர்ந்தும் போதிய பயன் கிட்டவில்லை. 1972இல் மிட்செல் என்பார் இது தனி இனமெனத் தெளிந்து, 'மொலெஸ்டா' எனப் பெயரிட்டார். இலத்தீனில் 'தொல்லை தருவது' என்று பொருள். அதன் பின்னரே இதன் தாயகம் பிரேசிலில் கண்டறியப்பட்டது.

அங்கு இதனை உண்டு வாழ்ந்த சிறு கூன்வண்டு, 1980இல் ஆஸ்திரேலியாவின் மூன்டாரா ஏரியில் விடப்பட்டது. ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் ஏரி தெளிந்தது. பின்னர்க் கேரளத்திலும் இலங்கையிலும் அவ்வண்டே துணைநின்றது. விந்தை யாதெனில், வண்டுக்கு முதலில் வழங்கிய பெயரும் பிழையே. அதுவும் புதிய இனமென 1985இல்தான் தெளிவாயிற்று.

பெயராய்வை வீண்வேலை என்பார் உளர். அள்ளி அள்ளியும் தீராத பச்சைப் பரப்பைத் தீர்க்க வழிகாட்டியது, சரியாக இடப்பட்ட ஒரு பெயரே.