கவுன்ரரில் நிற்கும் எல்லைக்காவல்

 

ரொறன்ரோவில் இருக்கும் மகளிடம் போவதற்குப் பிராங்பேர்ட்டில் விமானம் மாறும் ரிக்கற் எடுத்தேன். அதுதான் மலிவு. கட்டுநாயக்கவில் கவுன்ரரில் இருந்த பிள்ளை கடவுச்சீட்டை முன்னும் பின்னும் புரட்டி, யாருக்கோ போன் எடுத்து, முக்கால் மணித்தியாலம் நிற்க வைத்துவிட்டாள். ஷெங்கன் நாட்டு விமான நிலையத்துக்குள் விமானம் மாறுவதற்கே இலங்கையருக்கு விசா வேண்டும். செல்லுபடியான கனடா விசா இருந்தால் தேவையில்லை. அந்த விலக்கு அவளுக்குத் தெரியவில்லை.

குடிவரவு அதிகாரி பார்க்க வேண்டியதை விமானக் கம்பனிப் பிள்ளை ஏன் பார்க்கிறாள்? இந்தக் கதையில் எங்கள் பொடியளுக்கும் பங்குண்டு.

83 கலவரத்துக்குப் பிறகு வெளிக்கிட்டவர்கள் பலர் ஏரோஃப்ளொட்டில்தான் ஏறினார்கள். மொஸ்கோ போய், அங்கிருந்து கிழக்கு பேர்லின். கிழக்கு ஜேர்மனி இடைவழி விசா கொடுத்தது. பிறகு நகர ரயிலில் ஏறினால் மேற்கு பேர்லின். நகரைப் பிரித்த கோட்டை மேற்கு நாடுகள் எல்லையாக ஏற்காததால் அந்தப் பக்கம் கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. பனிப்போர் விட்டுவைத்த ஒரு பொட்டு அது! பொன் கொடுத்த நெருக்கடியில் 1985இல் கிழக்கு ஜேர்மனி அதைத் தமிழருக்கு அடைத்தது, அடுத்த வருடம் எல்லோருக்கும்.

அதே 1985இல் பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றுக்கு அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் இறங்கிய ஐம்பதுக்கு மேற்பட்ட தமிழரைத் திருப்பி அனுப்ப முயன்றபோது, அவர்கள் விமானத்தடியில் உடுப்பைக் களைந்து எதிர்த்தார்கள். அடுத்த மாதமே சட்டமூலம் வந்தது: உரிய பத்திரம் இல்லாத பயணி ஒருவரை ஏற்றி வந்தால் விமானக் கம்பனிக்கு 1000 பவுண்ஸ் தண்டம். 1993இல் விமானம் மாறிப் போகிறவரிடமும் விசா கேட்க வழி செய்தார்கள். அகதி என்று சொல்ல ஒருவன் முதலில் அந்த மண்ணில் கால் வைக்க வேண்டுமே. கால் வைக்கும் இடத்தையே கொழும்புக்குத் தள்ளிவிட்டார்கள். தண்டம் கட்டப் பயப்படும் கம்பனி சந்தேகம் வந்தால் ஏற்றாது, அவ்வளவுதான்.

அமெரிக்கா 2003 ஓகஸ்ற்றில் விசா இல்லாத இடைவழிப் பயணத்தையே நிறுத்தியது. நியூயோர்க் வழியாக மலிவு ரிக்கற் எடுக்கும் பிள்ளைகள் இதைக் கவனியுங்கள், கனடா விசா அங்கே உதவாது.

நான் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் என் வகுப்பில் ஒருவன் இருந்தான். அவன் தமையன் 84இல் பேர்லின் வழியால் போய்ச் சேர்ந்துவிட்டான். தாய் மிச்ச நகையையும் விற்று இவனை அனுப்ப ஆயத்தமானபோது வழி அடைபட்டுவிட்டது. கொழும்பில் நாலு மாதம் நின்றுவிட்டு ஊருக்கே திரும்பி வந்தான். 87 சண்டைக்கு முன் சந்தையில் கண்டேன். "ரீச்சர், அண்ணா ஏறின பிளேன் இப்ப இல்லையாம்" என்றான். அதற்குப் பிறகு காணவில்லை.

கடைசியில் அந்தப் பிள்ளை என்னை ஏற்றிவிட்டாள். திரும்பி வரும்போது மகள் டோஹா வழியால் ரிக்கற் போட்டாள். விலை கூடத்தான்.